நீறு பூத்த நெருப்பு: ஊவாவின் பழைய துவக்குகளும் தோட்டாக்களும்

பழைய பொருள்களின்மேல் நமக்கெல்லாம் ஒரு தனிப்பற்று உண்டு. பாட்டனார் கையாண்ட வெற்றிலைத் தட்டம், பாட்டியார் புழங்கிய பித்தளைச் செம்பு, முன்னோர் கடல் கடந்து வந்த நாளிற் சுமந்துவந்த தகரப் பெட்டி ஆகியவற்றைக் கண்டால், கையிலெடுத்துத் துடைத்துப் பாராமல் இருக்க முடிவதில்லை. அவை யாவும் முதுமையினாற் சாதுவாகிவிட்ட பொருள்கள். எனினும், எத்துணை முதுமை எய்தினும் சாதுவாகாத பொருள் ஒன்று உண்டு. அதுவே வெடிமருந்து. நூறாண்டு கடந்த தோட்டாவொன்று நீறு பூத்த நெருப்பைப் போலப் பார்வைக்கு அடங்கிக் கிடக்கும். அதன் சூடு கைவைத்தவனுக்கே தெரியும்.

ஊவா மாகாணத்தில் வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் விடயமன்று. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளிலுள்ள தோட்டங்களின் வயது நூற்றைம்பதை நெருங்கிவிட்டது. சிலவற்றின் வயது அதனையும் கடந்துவிட்டது. பழைய பங்களாவின் பரணிலோ, கைவிடப்பட்ட தேயிலை ஸ்டோரின் மூலையிலோ, லயத்துக் கூரையைப் பிரிக்கும்போதோ, துருவேறிய துவக்கொன்றும் நிறம் மங்கிய தோட்டாக்கள் நாலைந்தும் அகப்படுதல் கூடும். அவற்றைக் கண்ட இளைஞர்களின் வாயில் முதலில் எழும் வினா ஒன்றுதான்: “இஃது இன்னும் வேலை செய்யுமா? ஒருமுறை சோதித்துப் பார்த்தால் என்ன?” இவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

துவக்கு மலையேறிய கதை

‘துவக்கு’, ‘துப்பாக்கி’ என்னும் சொற்கள் துருக்கி மொழிவழி வந்தவை என்பர். சிங்கள மொழியிலும் இதே சொல் ‘துவக்குவ’ என வழங்குகிறது. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் துவக்குச் செய்வதில் வல்லவராயிருந்தனர். தந்தமும் வெள்ளியும் இழைத்த அவர்களது கைவண்ணத்தைக் கொழும்பு நூதனசாலையில் இன்றும் காணலாம். 1817ஆம் ஆண்டில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மூண்ட பெருங்கிளர்ச்சியின்போது, மலைநாட்டு மக்களின் துவக்குகள் ஆங்கிலேயரின் படைக்கலங்களை எதிர்த்து நின்றன. பதுளையில் அதிகாரியாயிருந்த சில்வெஸ்டர் வில்சன் அவ்வாண்டிற் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டில் கெப்பெட்டிபொல திசாவை சிரச்சேதம் செய்யப்பட்டதும் நாமறிந்த சரித்திரம்.

பின்னர்க் காடு வெட்டிக் கோப்பி பயிரிட வந்த துரைமார் வேட்டைத் துவக்குகளுடனேயே வந்தனர். அவர்கள் காலத்திற் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். இன்று அத்தொகையைக் கேட்கும்போது நெஞ்சம் பதைக்கின்றது. அவர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அவர் கையாண்டவை வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துவக்குகள். 1869ஆம் ஆண்டளவில் இலைநோய் கோப்பியைப் பற்றிக்கொள்ள, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. அக்காலத்திலேயே, பின்புறம் மடித்துத் திறந்து தோட்டாவை இடும் இரட்டைக் குழல் துவக்குகளும் வழக்குக்கு வந்தன. துரையின் பங்களாவில் அத்தகைய துவக்கொன்று சுவரில் மாட்டியிருப்பது அந்நாளைய வழக்கம்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டது. ஆள் மாறியபோதெல்லாம் பங்களாப் பெட்டிகளும் கைமாறின. இடையில் 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வந்தது. ஏப்ரல் 5ஆந் திகதி அதிகாலையில் முதலில் தாக்குண்டது நம் ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையமே. அக்காலத்திலும், பின்னர் 1987 முதல் 1989 வரையிலான காலத்திலும், கிளர்ச்சியாளர் வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகளைத் தேடித் திரிந்தனர். அந்நாளில் துவக்கைப் பொலிஸாரிடம் ஒப்படைத்தவரும் உண்டு. அஞ்சி ஒளித்துவைத்தவரும் உண்டு. ஒளித்தவர் மறைந்தபின் ஒளித்த இடம் மறந்துபோகும். பொருள் மட்டும் அங்கேயே கிடக்கும்.

மூன்று வகை மருந்து

பழைய துவக்கோடு கிடைக்கக்கூடிய வெடிபொருள்கள் மூவகைப்படும். மூன்றும் வெவ்வேறு குணமுடையவை. அவற்றை வேறுபடுத்தி அறியாமையே பல விபத்துக்களுக்குக் காரணமாகின்றது.

முதலாவது கருமருந்து. இது வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றின் கலவை. வெடியுப்பு எனப்படும் பொற்றாசியம் நைத்திரேற்று எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆதலால் காற்றுப்புகாத குழலுக்குள்ளும் இம்மருந்து எரியும். இதிலுள்ள பொருள்கள் ஒன்றையொன்று அரித்துச் சிதைப்பனவல்ல. எனவே ஈரம் படாத கருமருந்து நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னும் ஏறக்குறைய அதே வேகத்தோடிருக்கும். ஈரம் பட்டுச் செத்துப்போனதாகத் தோன்றும் மருந்தும் உலர்ந்தபின் மீண்டும் உயிர்பெறல் கூடும். “நனைந்து போயிற்று, இனி ஒன்றும் செய்யாது” என்று வெயிலில் உலர்த்துவதும், அடுப்படியில் வைப்பதும், நித்திரையிலிருக்கும் புலியின் வாலைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கோர் உண்மைச் சான்று. 2008ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டொன்றைத் தம் வீட்டு முற்றத்திற் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், அது வெடித்து உயிரிழந்தார். அக்குண்டு செய்யப்பட்டு ஏறத்தாழ 140 ஆண்டுகள் கடந்திருந்தன. அவரோ அத்தொழிலிற் பல்லாண்டு பழகியவர். குண்டின் சிதறலொன்று கால் மைலுக்கு அப்பாலிருந்த வீட்டையும் தாக்கிற்று. பழகிய கைக்கே இக்கதியெனின், பழகாத கைக்கு என்ன சொல்ல!

இரண்டாவது, தீமூட்டும் சிறு கேப்பு. 1800ஆம் ஆண்டில் எட்வேட் ஹவாட் என்னும் ஆங்கில இரசாயனவியலார், இரசத்திலிருந்து செய்யப்படும் பல்மினேற்று என்னும் உப்பின் இயல்பை உலகுக்கு அறிவித்தார். அப்பரிசோதனைகளின்போது அவர் தாமே காயமுற்றார். 1807ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்சைத் என்னும் பாதிரியார், தட்டினால் வெடிக்கும் இத்தகைய உப்புக்களைக் கொண்டு துவக்குக்குத் தீமூட்டும் உபாயத்துக்கு உரிமை பெற்றார். சக்கிமுக்கிக் கல்லின் பொறிக்கு அஞ்சிப் பறந்த பறவைகளை ஏமாற்றுவதற்காகவே அவர் இவ்வழியைக் கண்டார் என்பர். சிறு தட்டினால் வெடிப்பதே கேப்பின் தொழில். பழைய கேப்பு சில வேளை செயலிழந்திருக்கும். சில வேளை முன்னிலும் எளிதில் வெடிக்கும் நிலையிலிருக்கும். பார்வையால் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இயலாது. ஊசியாற் கிண்டுவதும் ஆணியால் தட்டுவதும் விரலையும் கண்ணையும் பணயம் வைக்கும் சூதாட்டமே.

மூன்றாவது, புகையில்லா மருந்து. பஞ்சை நைத்திரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்துச் செய்யும் வெடிபஞ்சை ஷொன்பைன் என்னும் அறிஞர் 1846ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். மறு ஆண்டே இங்கிலாந்தின் பேவர்ஷம் நகரில் அதைச் செய்த ஆலை வெடித்துச் சிதறிப் பலர் மாண்டனர். 1884ஆம் ஆண்டில் போல் வியெய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைப் பதப்படுத்தித் துவக்குக்கு ஏற்ற மருந்தாக்கினார். 1889ஆம் ஆண்டில் பிரடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் கோர்டைட்டைச் செய்தனர். நம்மைப் போன்றே தேயிலை மலைகளிடையே அமைந்த நீலகிரி அருவங்காட்டில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்கெனத் தொழிற்சாலையொன்று எழுந்தது.

தூலோன் துறைமுகம் கற்பித்த பாடம்

கருமருந்து முதுமையடையாதது, புகையில்லா மருந்தோ முதுமையடைவது. அது முதுமையடையும் முறையை நம் வீட்டு உறிப்பானையைக் கொண்டே விளக்கலாம். பாலில் ஒரு துளி உறைமோர் விழுந்தால், சிறிது புளிப்பு உண்டாகிறது. அப்புளிப்பே மேலும் புளிப்பை வளர்க்கிறது. இறுதியிற் பானை முழுவதும் புளித்துப் போகிறது. புகையில்லா மருந்தும் நாளடைவில் மெல்லச் சிதைந்து நைதரசனின் ஒட்சைட்டு ஆவிகளை வெளியிடும். அவ்வாவிகள் ஈரத்தோடு கூடி அமிலமாகும். அவ்வமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். இவ்வாறு மருந்து தனக்குத் தானே உறையூற்றிக்கொள்கிறது. சிதைவினால் வெப்பம் பிறக்கும். வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருங்குவியலாய்க் கிடந்தால், யாரும் தீ வையாமலே தீப்பற்றும்.

இதனை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1907ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி, பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் ‘இயேனா’ என்னும் போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆந் திகதி, அதே துறைமுகத்தில் ‘லிபேர்த்தே’ என்னும் கப்பல் வெடித்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பகைவர் எவரும் அவற்றைத் தாக்கவில்லை. கப்பலின் கிடங்கிற் சீர்கெட்டிருந்த மருந்தே இவ்விபத்துக்களுக்குக் காரணமெனக் கொள்ளப்பட்டது. தோன்றும் அமில ஆவியை உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்ளும் இருபீனைல் அமைன் போன்ற காப்புப் பொருள்கள் பின்னர் மருந்திற் பரவலாகச் சேர்க்கப்பட்டன. எனினும் காப்புப் பொருளுக்கும் எல்லையுண்டு. அது தீர்ந்தபின் மருந்துக்குக் காவல் இல்லை.

ஒரு தோட்டாவிலுள்ள சிட்டிகை மருந்து தானாகவே தீப்பற்றுதல் அரிது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அச்சிறு தோட்டாவின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதன் மருந்து எரியும் வேகம் எவராலும் கணிக்க முடியாததாகிவிடுகிறது. அதனைச் சுட்டுச் சோதிப்பவனை மூன்று கண்ணிகள் எதிர்நோக்குகின்றன. மருந்து வலுவிழந்திருந்தால், சத்தம் மட்டும் சிறிதாய்க் கேட்கும். தக்கையும் ஈயச் சன்னமும் குழலின் நடுவே சிக்கி நிற்கும். அதையறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். கேப்பு சோம்பியிருந்தால், விசையை இழுத்தபின் ஒன்றும் நிகழாது. “வெடிக்கவில்லை” என்று துவக்கை மடித்துத் திறக்கும் கணத்தில் முகத்துக்கெதிரே வெடிக்கும். மருந்து சிதைந்து தூளாகியிருந்தால், அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து குழலையே உடைக்கும்.

குழலின் வயது

தோட்டாவைப் போலவே குழலுக்கும் வயதுண்டு. பழைய துவக்குகளின் குழலில் நீர்ச்சுழி போன்ற அழகிய வரிகளைக் காணலாம். அதனை ‘டமஸ்கஸ் குழல்’ என்பர். இரும்பும் உருக்குமான பட்டைகளை முறுக்கி, ஓர் அச்சின்மேற் கயிறு சுற்றுவதுபோற் சுற்றி, உலையிற் காய்ச்சி அடித்து ஒட்டவைத்த வேலை அது. நம் முன்னோர் வார்த்து அராபியருக்கு விற்ற உருக்கு வேறு; பெயர் ஒன்றாயினும் இவ்வேலை வேறு. ஊவாவின் தென்மேற்கு எல்லையை அடுத்த சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு உருக்குச் செய்த பண்டை உலைகள் அகழப்பட்டமை இங்கே நினைக்கத்தக்கது. அவ்வாய்வு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தபோது உலகம் வியந்தது. டமஸ்கஸ் குழலின் ஒட்டுக்களுக்கு இடையிலோ துரு உள்ளே புகுந்து அரித்திருக்கும். வெளியே துடைத்து மெருகிட்டாலும் உள்ளே புழுத்த பலகையைப் போன்றதாகும். அது கருமருந்தின் மென்மையான அழுத்தத்துக்கெனச் செய்யப்பட்டது. புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அது தாங்குமென்று நம்புதற்கில்லை.

மாணவர்களுக்கு இங்கே ஒரு சிறு கணக்கு. ‘12 போர்’ என்பதன் பொருள் யாது? ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவ்வுருண்டை ஒன்றின் விட்டம் எவ்வளவோ அதுவே குழலின் விட்டம். ஓர் இறாத்தல் 453.6 கிராம். பன்னிரண்டால் வகுக்க 37.8 கிராம் வரும். ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். எனவே உருண்டையின் கனவளவு 3.33 கன சென்ரிமீற்றர். அதிலிருந்து விட்டத்தைக் காண, 18.5 மில்லிமீற்றர் கிடைக்கும். இலக்கம் கூடக் கூடக் குழல் சிறுக்கும் விந்தையும் இதனால் விளங்கும். 16 போர்க் குழலின் விட்டம் 16.8 மில்லிமீற்றரே. 20 போர்த் தோட்டாவொன்று 12 போர்க் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவே தங்கிவிடும். அதன்பின் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டவர்கள் கைவிரல்களை இழந்திருக்கின்றனர்.

சோதிப்பவர் யார்? எவ்வாறு?

“அப்படியாயின், சோதனை என்பதே இல்லையா?” என்று மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. சோதனை உண்டு. ஆனால் அதற்கெனச் சாலையும் கருவியும் பயின்ற ஆளும் உண்டு.

இங்கிலாந்தில் இலண்டன் துவக்குக் கம்மியர் சங்கத்துக்கு 1637ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் வழங்கப்பட்டது. பேர்மிங்ஹாம் நகரின் துவக்குச் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டிற் பாராளுமன்றச் சட்டத்தால் எழுந்தது. அங்கே துவக்கை மனிதன் தோளில் வைத்துச் சுடுவதில்லை. கனத்த சுவர் சூழ்ந்த அறையிற் பிணைத்துவைத்து, வழக்கமான அளவிலும் மிகுந்த மருந்திட்டு, மறைவிலிருந்து சுடுவர். பின்னர்க் குழலின் உள்ளும் புறமும் அளந்து பார்ப்பர். வீங்கலோ வெடிப்போ இல்லையெனக் கண்டபின்னரே முத்திரை குத்துவர். புகையில்லா மருந்துக்கெனத் தனி முத்திரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. ஆனால் அம்முத்திரையும் குத்திய நாளின் நிலைக்கே சாட்சி. அதன்பின் துரு தின்ற ஆண்டுகளுக்கு அது பிணை நிற்பதன்று.

மருந்தைச் சோதிப்பதற்கு ஏபல் வகுத்த முறை ஒன்றுண்டு. மருந்தின் சிறு கூறொன்றைக் கண்ணாடிக் குழாயிலிட்டு, குறித்த வெப்பத்தில் வைத்து, பொற்றாசியம் அயடைட்டும் மாப்பொருளும் பூசிய ஈரத்தாளை அதன்மேல் தொங்கவிடுவர். சிதைவினால் எழும் ஆவி அயடைட்டிலிருந்து அயடீனை விடுவிக்கும்; மாப்பொருள் நிறம் மாறும். எத்தனை நிமிடத்தில் நிறம் மாறுகிறது என்பதைக் கொண்டு மருந்தின் நிலையை மதிப்பிடுவர். உயர்தர வகுப்பு மாணவர்க்கு இவ்விரசாயனம் புதிதன்று. ஆனால் அதன் தத்துவத்தை அறிவது வேறு; அதனை வீட்டிற் செய்யத் துணிவது வேறு. முறையான ஆய்வுகூடத்திற்கூட இச்சோதனை தடுப்புக் கவசத்தின் பின்னின்றே செய்யப்படுகிறது.

நூதனசாலைகளில் பழைய வாய்வழித் துவக்கு வந்தால், அது மருந்தேற்றியிருக்கிறதென்றே முதலிற் கொள்வர். முந்தைய நூற்றாண்டில் யாரோ கெட்டித்த மருந்து இன்னும் உள்ளே இருத்தல் கூடும். மென்மரக் கோலொன்றைக் குழலுக்குள் மெல்ல இறக்கி, உள்ளே சென்ற நீளத்தை வெளியே வைத்து அளந்து பார்ப்பர். கோல் அடிவரை செல்லாவிடின், உள்ளே ஏதோ இருக்கிறதென்பது தெளிவு. அதன்பின் அறிந்தவரையன்றி வேறெவரையும் தொட விடார். பங்களாச் சுவரில் அழகுக்கு மாட்டிய துவக்கைச் சிறுவர் விளையாட்டாய் நீட்டும்போது பதற வேண்டிய காரணம் இதுவே.

கட்டுத்துவக்கின் கொடுமை

பழைய குழலும் பழைய மருந்தும் ஊவாவில் வேறொரு வடிவத்திலும் உயிர்வாழ்கின்றன. அதுவே காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு. பாதையின் குறுக்கே கம்பி கட்டி, அது இழுபட்டவுடன் வெடிக்குமாறு வைக்கப்படும் அனுமதியற்ற துவக்கு அது. அதற்குப் பன்றிக்கும் மனிதனுக்கும் வேற்றுமை தெரியாது. தேயிலை மலையை அடுத்த காட்டோரத்திலும் பத்தனையிலும் விறகு பொறுக்கச் செல்லும் பெண்ணின் காலும் அதற்கு இலக்கே. முழங்காலை அண்டிய இடத்தில் எலும்பை நொறுக்கும் இக்காயம் நம் நாட்டு வைத்தியர்களுக்கு நெடுநாட் பழகிய ஒன்றாகிவிட்டது. மலையேறிக் கொழுந்தெடுத்துப் பிழைக்கும் குடும்பத்தில் ஒருவர் காலை இழந்தால், அவ்விழப்பு அவரோடு நிற்பதில்லை. பிள்ளையின் படிப்பும் அன்றே முடங்குகிறது. ஒரு பன்றியின் இறைச்சிக்கு இத்துணை விலையா என்று சிந்திக்க வேண்டும்.

சட்டமும் அச்சமும்

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப் பத்திரமின்றித் துவக்கை வைத்திருத்தல் குற்றமாகும். அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள்கள் சட்டம் மருந்தைச் செய்தலையும் வைத்திருத்தலையும் கட்டுப்படுத்துகிறது. பாட்டனார் பெயரிலிருந்த பத்திரம் பேரனுக்குத் தானாக உரிமை தருவதில்லை.

சட்டம் தெளிவாயிருக்க, மக்கள் ஏன் அறிவிப்பதில்லை? காரணம் அச்சமே. “பொலிஸில் சொன்னால் நம்மையே பிடித்துக்கொள்வார்களோ?” என்னும் கேள்வி தோட்டத்து லயங்களில் எழுவது வீண் பிரமையன்று. 1979ஆம் ஆண்டிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபின், தோட்டாவொன்று வீட்டில் அகப்படுவது எத்தகைய தொல்லையைத் தருமென்பதை மலையகத் தமிழர் நன்கறிவர். அவ்வச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அச்சத்தால் ஒளித்த பொருளைப் பெரியவர் மறந்தாலும் பிள்ளைகள் கண்டெடுப்பர். அச்சத்தை வெல்லும் வழி ஒளிப்பதன்று, தனித்துச் செல்லாமை. தோட்ட நிருவாகியையோ, கிராம உத்தியோகத்தரையோ, தொழிற்சங்கத் தலைவரையோ, கோயில் தருமகர்த்தாவையோ துணைக்கொண்டு, நாலுபேர் அறியச் சென்று, “இன்ன இடத்தில் இன்ன பொருளைக் கண்டோம்” என்று கூறுக. பொருளைக் கையிற் கொண்டு செல்லாதிருப்பது உடலுக்கும் காவல்; சட்டத்தின் முன்னும் காவல்.

வெடிபொருளைக் கையிற் கொண்டு செல்வதன் விளைவை நாம் அண்மையிலும் கண்டோம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் தியத்தலாவைக்கு அண்மையில் பஸ்ஸொன்றினுள் கைக்குண்டு வெடித்துப் பலர் காயமுற்றனர். 2016ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் வெடிபொருட் கிடங்கு தீப்பற்றி வெடிக்க, சுற்றுப்புற மக்கள் வீடு வாசலைவிட்டு ஓடினர். காவலும் பயிற்சியும் உள்ள இடத்திலேயே இப்படியெனின், நம் வீட்டுப் பரணைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ!

செய்யத்தக்கனவும் தகாதனவும்

பழைய துவக்கோ தோட்டாவோ கண்ணிற் பட்டால், முதலிற் கையை எடுக்க. பிள்ளைகளை அப்பாற் கூட்டிச் செல்க. இடத்துக்கு அடையாளமிட்டு, பெரியவர் ஒருவரை எட்ட நின்று காவலிருக்கச் செய்க. பின்னர் மேற்கூறியவாறு துணையோடு அறிவிக்க. பொலிஸாரின் அவசர இலக்கம் 119. யாருக்கேனும் காயம் நேரின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். அது வரும்வரை குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்திருக்க.

தோட்டாவை நெருப்பிலிட வேண்டா. குழலின்றி வெடிக்கும் தோட்டாவின் கேப்பும் உறைத் துண்டுகளும் கண்ணைக் குருடாக்கும். மண்ணிற் புதைக்க வேண்டா. நாளை மண்வெட்டி பிடிப்பவர் நம் பிள்ளையாயிருத்தல் கூடும். ஓடையிலும் கிணற்றிலும் எறிய வேண்டா. பிரித்து மருந்தைக் கொட்ட வேண்டா. பழைய ஈயச் சன்னத்தின்மேற் படிந்த வெண்பொடியும் நஞ்சே. தெரியாமல் தொட்டிருந்தால், சவர்க்காரமிட்டுக் கைகழுவியபின்னரே உணவைத் தொடுக.

துவக்கு அரும்பொருளாயிருந்து, அதனைக் குடும்ப நினைவாகக் காக்க விரும்பினால், அதற்கும் வழியுண்டு. உரியவர் முன்னிலையில் மருந்து நீக்கி, மீண்டும் சுடவியலாதவாறு செய்து, சட்டப்படி அனுமதி பெற்றோ நூதனசாலைக்கு அளித்தோ காக்கலாம். வரலாற்றுச் சின்னமாய் மதிக்கத்தக்கது அதன் மரவேலையும் இரும்புவேலையுமே. அது வெடிக்குமா என்பது வரலாற்றுக்கு வேண்டிய செய்தியன்று.

விஞ்ஞானம் சோதனையினால் வளர்ந்தது என்று நாம் வகுப்பிற் கற்பிக்கிறோம். அதனோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. எதைச் சோதிக்கலாம், எங்கே சோதிக்கலாம், யார் சோதிக்கலாம் என்று அறிவதும் விஞ்ஞானமே. ஆழமறியாமற் காலை விடலாகாது என்றனர் முன்னோர். கொழுந்தெடுக்கும் விரலும், எழுதுகோல் பிடிக்கும் விரலும், பத்தே பத்து. அவற்றுள் ஒன்றையேனும் பழைய தோட்டாவொன்றின் உண்மையை அறியும் பொருட்டு விலையாகக் கொடுத்தல் வேண்டா. இவ்வாரம் வீட்டிலுள்ள பெரியவர்கள் தம் பிள்ளைகளை அருகழைத்து இதனை ஒருமுறை சொல்லிவைப்பார்களாக.